செம்பனை நிலத்தை நல்லபடி பார்த்துக்கொள்பவருக்கு அரசாங்கம் தருவது என்ன, அதை வாங்குவது எப்படி

ஐந்து ஏக்கர், எட்டு ஏக்கர் என்று சொந்தமாகச் செம்பனை வைத்திருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, தெலுக் இந்தான் பக்கம் அப்படி நிறைய குடும்பங்கள் இருக்கின்றன. தாத்தா தோட்டத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய நிலம், அப்பா செம்பனை போட்டது, இப்போது பிள்ளைகள் கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு வந்து எட்டிப் பார்க்கிறார்கள். இந்த நிலங்களுக்கு வர வேண்டிய உதவி நிறைய இருக்கிறது, ஆனால் நம்மில் பாதிப் பேர் கேட்டே பார்ப்பதில்லை, கேட்பவர்களில் பலர் காகிதம் சரியில்லை என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். அந்தக் காகித விஷயத்தைத்தான் நான் அதிகமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். வெளிநாடுகளில் நடப்பது போல நேராகக் கையில் காசு கொடுக்கும் திட்டம் நமக்கு இல்லை. இங்கிலாந்தில் 2020-இல் வந்த வேளாண்மைச் சட்டத்துக்குப் பிறகு, நிலத்தைப் பேணும் ஒவ்வொரு வேலைக்கும் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று விலை போட்டுக் கொடுத்தார்கள். பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்காமல் இருந்தால் 45 பவுண்டு, பலவகைப் புல்லும் பயறும் மூலிகையும் கலந்து விதைத்த மேய்ச்சல் நிலத்துக்கு 382 பவுண்டு, இப்படி. கோஸ்டா ரிக்காவில் 1996-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ், எரிபொருள் வரியிலிருந்து எடுத்து, காட்டை வெட்டாமல் வைத்திருக்கும் நில உரிமையாளருக்குப் பணம் தருகிறார்கள். மலேசியாவிலும் இயற்கையைக் காப்பதற்கென்று பணம் ஒதுக்குகிறார்கள். 2019-இல் 6 கோடி ரிங்கிட்டில் தொடங்கிய அந்த ஒதுக்கீடு 2025 பட்ஜெட்டில் 25 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆனால் அது கூட்டரசு மாநில அரசுகளுக்குக் கொடுப்பது, காடுகளைக் காப்பாற்றும் மாநிலத்துக்குப் போவது. ஐந்து ஏக்கர்காரர் கைக்கு அது வராது.

நமக்கு வருவது வேறு வடிவத்தில் வருகிறது. எம்எஸ்பிஓ, அதாவது இயற்கையைக் கெடுக்காமல் செம்பனை வளர்ப்பதற்கான மலேசியச் சான்றிதழ், எடுக்க ஆகும் செலவை, அதாவது தணிக்கைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய கட்டணத்தை, தனிச் சிறு தோட்டக்காரர்களுக்காக அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. அதோடு பயிற்சி, பாதுகாப்பு உடுப்பு, தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை வைக்கும் அலமாரி என்று சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது, வயதான மரத்தை வெட்டி மறுநடவு செய்ய டிஎஸ்பிகேஎஸ் 2.0 என்ற திட்டம், பாதி மானியம், பாதி கடன். ரப்பர் வைத்திருந்தால் மறுநடவுக்கு ரிஸ்டா என்ற ரப்பர் சிறு தோட்டக்காரர் அமைப்பு. காய்கறி, பழம் போடுபவருக்கு விவசாய இலாகாவின் மைகேப் என்ற நல்ல விவசாய முறைச் சான்றிதழ், அதற்குக் கட்டணம் கிடையாது. இது எல்லாவற்றிலும் செம்பனைக்காரருக்கு முதல் வாசல் எம்எஸ்பிஓதான், ஏனென்றால் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற காலம் முடிந்து, 2020 முதல் எல்லாருக்கும் கட்டாயமாகிவிட்டது.

முதலில் பட்டா

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். நம் குடும்பங்களில் இதற்கு மேல் நகராமல் நின்றுபோன விண்ணப்பங்கள்தான் அதிகம். "எங்க அப்பா பேர்லதான் இருக்கு, அவரு போய்ப் பதினஞ்சு வருஷம் ஆச்சு" என்று சொல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. சில வீடுகளில் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. பழம் வெட்டுவது ஒரு தம்பி, நிலவரி கட்டுவது ஒரு அக்கா, பட்டா இருப்பது மூத்த அண்ணன் வீட்டு இரும்புப் பெட்டியில். எல்லாரும் நல்லபடி பழகிக்கொண்டிருக்கும்போது யாரும் இந்தப் பேச்சை எடுப்பதில்லை, சண்டை வந்த பிறகு எடுக்கவே முடிவதில்லை. ஆகவே நல்லபடி இருக்கும்போதே எடுங்கள்.

எடுப்பது எப்படி என்றால், நில அலுவலகத்துக்குப் போய் அந்த நிலத்தின் மீது ஓர் அதிகாரபூர்வத் தேடல், மலாயில் சாரியான் ரஸ்மி, எடுத்துக்கொள்ளுங்கள். யார் பெயர், எத்தனை பங்கு, வங்கி அடமானமோ தடையோ இருக்கிறதா, நில நிபந்தனை என்ன, எல்லாம் அதில் வரும். இறந்தவர் உயில் எழுதாமல் போயிருந்தால், அவர் விட்டுச் சென்ற சொத்தில் நிலம் இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாமல் இருந்தால், உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ், நிலம் இருக்கும் மாவட்டத்தைப் பார்க்கும் புசாக்கா பிரிவில், அதாவது வாரிசுச் சொத்துப் பிரிவில், ஏ பாரம் கொடுத்தால் போதும். முன்பு இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது, 2024 ஜூலையில்தான் உயர்த்தினார்கள், அதனால் முன்பு ஒருமுறை கேட்டு 'முடியாது' என்ற பதிலோடு திரும்பியவர்கள் மறுபடியும் போய்க் கேளுங்கள். உயில் இருந்தால் அது நீதிமன்ற வழி, வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஏ பாரத்தோடு இறப்புச் சான்றிதழ், பட்டா நகல், தேடல் முடிவு, வாரிசுகள் எல்லாருடைய அடையாள அட்டை நகல், இறந்தவருக்கும் வாரிசுக்கும் உள்ள உறவைக் காட்டும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள் வேண்டும். இங்கே ஒரு சிக்கல் நமக்கென்றே இருக்கிறது. தோட்டக் காலத்தில் பெயர் எழுதிய கிராணி எப்படிக் கேட்டாரோ அப்படி எழுதியதால், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து வித்தியாசம், பட்டாவில் இன்னொரு மாதிரி என்று இருக்கும். இதைக் கண்டால் பதறாதீர்கள், சத்தியப் பிரமாணம் ஒன்று எடுத்து எல்லாப் பெயரும் ஒருவருடையதே என்று உறுதி சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் விசாரணைத் தேதிக்கு முன்பே அதைக் கையில் வைத்திருக்க வேண்டும். விசாரணைக்கு வர முடியாத வாரிசு, சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் தங்கச்சி என்றால், டிடிஏ பாரத்தில் தன் சம்மதத்தைக் கொடுத்து அனுப்பலாம். முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பங்கு 1958 பங்கீட்டுச் சட்டப்படி. இறந்தவரின் பெற்றோரும் உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, ஆணென்றும் பெண்ணென்றும் வித்தியாசம் கிடையாது. எல்லாரும் ஒத்துக்கொண்டால் ஒருவர் பெயருக்கே மாற்றலாம். ஐந்து பேர் பெயரில் போட்டு வைத்தால் பின்னால் எந்தப் பாரத்துக்கும் ஐந்து கையெழுத்து தேட வேண்டிவரும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நிலத்தையே துண்டு போட நினைத்தால், விவசாய நிலத்தில் ஒரு துண்டு 0.4 ஹெக்டேருக்குக் கீழே போகக் கூடாது, சுமாராக ஓர் ஏக்கர்.

பட்டாவில் நில நிபந்தனையையும் படியுங்கள். சில பழைய பட்டாக்களில் ரப்பர் என்றோ தென்னை என்றோ எழுதியிருக்கும், நிற்பது செம்பனையாக இருக்கும். நில அலுவலகத்தில் நிபந்தனை மாற்ற விண்ணப்பிக்கலாம். தணிக்கைக்காரர் வந்து கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே விண்ணப்பித்து ரசீதை வைத்திருப்பது நல்லது. நிலவரியை மே 31-க்குள் கட்டிவிடுங்கள். தற்காலிக உரிமத்தில், அதுதான் டிஓஎல், நிலம் வைத்திருப்பவர்கள் டிசம்பர் 31-ஐ மறக்கக் கூடாது, ஒவ்வோர் ஆண்டும் அன்றோடு அது செத்துவிடும்.

உரிமமும் துனாஸ் அதிகாரியும்

பட்டா சரியானதும் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தில், எல்லாரும் சொல்கிற எம்பிஓபியில், பழம் விற்கும் உரிமம் எடுங்கள். ஏற்கனவே இருந்தால் அதில் இருக்கும் பெயரும் பட்டாவில் இருக்கும் பெயரும் ஒன்றா, பரப்பளவு சரியா என்று பாருங்கள். அப்பா பெயரில் உள்ள உரிமத்தை வைத்துக்கொண்டு மகன் பழம் விற்பது பல இடங்களில் நடக்கிறது. உதவி கேட்டுப் போகும் நாளில் அதுவே முட்டுக்கட்டையாகிவிடும். அரசாங்கக் கணக்கில் 40.46 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு, கீழே இருந்தால் நீங்கள் சிறு தோட்டக்காரர். ஃபெல்டா, ஃபெல்க்ரா போன்ற அரசாங்க நிலத் திட்டங்களுக்குள் இல்லாதவர் தனிச் சிறு தோட்டக்காரர்.

அப்புறம் உங்கள் பகுதியின் துனாஸ் அதிகாரியைத் தேடிப் பிடியுங்கள். எம்பிஓபி கிளையில் கேட்டால் சொல்வார்கள், நீங்கள் பழம் போடும் தரகருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். சிறு தோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் அவர் வேலையே. அவர் உங்களைப் பகுதிக் குழு ஒன்றில் சேர்ப்பார், சான்றிதழ் அந்தக் குழுவுக்கு மொத்தமாக வரும். தனியாக ஒருவர் எடுக்கப் போனால் தாங்க முடியாத செலவு, குழுவில் சேர்ந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழாது. இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: 'நான் எடுத்துத் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்' என்று வீட்டுக்கு வருபவரிடம் காசு கொடுக்காதீர்கள், பட்டாவின் அசலையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். நகல் போதும், நகலின் குறுக்கே 'எம்எஸ்பிஓ விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.

அதிகாரி நிலத்துக்கு வரும்போது எல்லைக் கற்களைக் காட்டத் தயாராக இருங்கள். பல நிலங்களில் அவை மண்ணுக்குள் போய்விட்டன அல்லது மட்டைக் குவியலுக்கு அடியில் கிடக்கின்றன. முதல் நாளே போய்ச் சுத்தம் செய்து, பக்கத்தில் ஒரு குச்சி நட்டுச் சிவப்பு பெயிண்ட் அடித்து வையுங்கள். இப்போது நிலம் எங்கே இருக்கிறது என்ற தகவல் முன்பைவிட முக்கியம். ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்துப் போட்ட தோட்டத்தின் எண்ணெயை ஏற்க மாட்டோம் என்று சட்டம் போட்டிருக்கிறது, 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் நிலத்தின் முழு எல்லையும், அதற்குள் என்றால் வரைபடத்தில் ஒரு புள்ளியும் அவர்களுக்கு வேண்டும். எம்எஸ்பிஓ-வின் புதிய தரத்தில் கெடு இன்னும் முந்தையது, 2019 டிசம்பர் 31. தாத்தா காலத்து நிலத்துக்கு இதில் எந்தப் பயமும் இல்லை, சொல்லப்போனால் நமக்குச் சாதகம்.

நிலத்தில் என்ன மாற்ற வேண்டும்

பெரும்பாலானவர்கள் பயப்படுவது போல இது பெரிய வேலை இல்லை. நிலம் முழுக்கக் களைமருந்து அடித்துத் தரையை மொட்டையாக்குவதை நிறுத்துங்கள். மரத்தைச் சுற்றி வட்டமும் வெட்டுப் பாதையும் மட்டும் சுத்தமாக இருந்தால் போதும், இடையில் பெரணிச் செடியும் சிறு புல்லும் நிற்கட்டும், மழை அடிக்கும்போது மண்ணைப் பிடித்து வைப்பது அவைதான். பாராகுவாட் என்ற களைமருந்துக்கு 2020 ஜனவரி 1 முதல் தடை. இன்னும் எங்கோ பழைய போத்தல் ஒன்று கொட்டகையில் கிடக்கலாம், அதைத் தேடி எடுத்து விவசாய இலாகாவில் கேட்டு அப்புறப்படுத்துங்கள், தணிக்கைக்காரர் கண்ணில் பட்டால் கதை முடிந்தது. மருந்து டின் காலியானால் மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை மருந்தடிக்கும் பம்பிலேயே ஊற்றிவிட்டு, டின்னைக் குத்தி ஓட்டை போட்டு வையுங்கள். அதில் குடிதண்ணீர் பிடிக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் முழுசாகப் போகவில்லை, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆற்றோரம் நிலம் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஆற்று ஒதுக்கு, அதாவது கரையோரம் விட்டுவைக்க வேண்டிய பட்டை. நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியில் ஆற்றின் அகலத்தைப் பொறுத்து அளவு இருக்கிறது. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆறு, நம் பெர்ணம் ஆறு போல, என்றால் கரையிலிருந்து 50 மீட்டர். 20 முதல் 40 வரை என்றால் 40 மீட்டர், 10 முதல் 20 வரை 20, 5 முதல் 10 வரை 10, அதற்கும் சிறியது என்றால் 5 மீட்டர். அந்தப் பட்டையில் ஏற்கனவே மரம் நின்றால் அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டார்கள், ஆனால் அங்கே மருந்தும் உரமும் போடாதீர்கள், மறுநடவின்போது அந்த வரிசையை விட்டுவிடுங்கள். அந்த மரங்களின் மேல் ஒரு பெயிண்ட் வளையம் போட்டு வைத்தால் மருந்தடிக்க வரும் ஆளுக்கு வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை.

எலிக்கு விஷம் வைப்பதைவிடக் கூகை வளர்ப்பது நல்லது, இதில் எனக்கு ஒரு தனிப் பிரியமே உண்டு. வெள்ளை முகம் வைத்த அந்த ஆந்தைதான். அபசகுனம் என்று விரட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் எலி கொறித்த குலையைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பழத்தின் மேல் பல் தடம் வரி வரியாக இருக்கும், சதை போய் நார் மட்டும் நிற்கும். சுமார் 10 ஹெக்டேருக்கு ஒரு கூடு என்பது நடைமுறை, ஆகவே ஐந்து ஏக்கர்காரர் தனியாக வைக்க வேண்டியதில்லை, அக்கம்பக்கத்தில் நான்கைந்து குடும்பம் சேர்ந்து ஒரு மரப்பெட்டியைக் கம்பத்தில் நான்கு ஐந்து மீட்டர் உயரத்தில் நிறுத்தினால் போதும். ஒரு நிபந்தனை, பிரோடிஃபாகும் போன்ற கடும் எலிவிஷத்தை எல்லாரும் சேர்ந்து நிறுத்த வேண்டும். விஷம் தின்ற எலியைக் கூகை தின்றால் அதுவும் செத்துப்போகும்.

மருந்தையும் உரத்தையும் தனித்தனியாகப் பூட்டி வைப்பது, வெட்டுக்காரருக்குத் தலைக்கவசமும் பூட்ஸும் கொடுப்பது, வேலைக்கு வரும் வெளிநாட்டு ஆளின் பெர்மிட் நகலை வைத்திருப்பது, இதெல்லாம் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் தடுக்கி விழுவது கணக்குப் புத்தகத்தில்தான். சாதாரணப் பள்ளிக்கூட நோட்டு போதும், ஆனால் நாள் தவறாமல் எழுத வேண்டும். ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்றால்: தேதி, மேல் பகுதியில் வெட்டு, 1.4 டன், எடைச் சீட்டு எண், டன்னுக்கு என்ன விலை, வெட்டுக்கூலி எவ்வளவு. அடுத்த வரியில், எந்த உரம், மரத்துக்கு எத்தனை கிலோ, எத்தனை மூட்டை, கடை ரசீது எண். மருந்தடித்தால் பெயர், அளவு, யார் அடித்தது. எடைச் சீட்டின் மை சில மாதத்தில் மங்கிப்போகும், வாங்கிய அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள். வெட்டுக்காரர் தமிழ் தெரியாதவராக இருந்தால் அவர் மொழியில் கூலியை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

தணிக்கைக்காரர் குழுவில் உள்ள எல்லாருடைய நிலத்துக்கும் வரமாட்டார், சிலரைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பார். நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். குறை எழுதினால் திருத்த அவகாசம் கொடுப்பார்கள், அதற்குள் செய்து படம் எடுத்து அனுப்பினால் முடிந்தது. சான்றிதழ் ஐந்து ஆண்டுக்கு, இடையில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பார்வை உண்டு.

மறுநடவு மானியம்

25 வயது தாண்டிய மரம், கோல் எட்டாத உயரம், பழம் குறைந்துகொண்டே போகிறது என்றால் டிஎஸ்பிகேஎஸ் பற்றி அதே துனாஸ் அதிகாரியிடம் கேளுங்கள். பாதி மானியம் என்றதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மீதிக் கடனை எந்த மாதத்திலிருந்து கட்ட வேண்டும், லாப விகிதம், அதாவது வட்டி போல மேலே கட்டுவது, என்ன, பழம் வரத் தாமதமானால் தவணை தள்ளிப்போகுமா, இந்த மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். புதுக் கன்று பழம் தர இரண்டரை, மூன்று ஆண்டாகும். அந்தக் காலத்துக்கு வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். முழு நிலத்தையும் ஒரே நேரத்தில் வெட்டாமல் பாதி பாதியாக வெட்ட அனுமதி உண்டா என்றும் கேளுங்கள், இடையில் வாழை, அன்னாசி போட்டால் கொஞ்சம் கை கொடுக்கும்.

வெட்டிய மரத்தைக் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், அபராதம் நிலத்தை விற்றாலும் கட்ட முடியாத அளவுக்குப் போகும். தண்டை மெல்லிசாகச் சீவிப் பரப்புங்கள். கட்டை கட்டையாக விட்டால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிட்டுப் புதுக் கன்றின் குருத்தைத் தின்னும். அடித்தண்டில் காளான் கண்ட மரங்களின் வேர்க்கட்டையைத் தோண்டி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அந்தக் கானோடெர்மா நோய் புதுக் கன்றுக்கும் வரும். உடனே முக்குனா கொடியை விதைத்துவிட்டால் தரை மூடிக்கொள்ளும், தழைச்சத்தும் சேரும். கன்றை உரிமம் பெற்ற நாற்றுப்பண்ணையில் மட்டும் வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரோட்டோரத்தில் விலை மலிவாகக் கிடைக்கும் கன்றின் வம்சம் என்னவென்று பழம் வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் நான்கு வருடம் போயிருக்கும். ஹெக்டேருக்கு 136 முதல் 148 கன்று வரை, அதற்கு மேல் நெருக்கினால் மரம் உயரமாகத்தான் போகும்.

இந்தத் திட்டங்களுக்கு ஒதுக்கும் பணம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், ஒதுக்கியது தீர்ந்தால் வரிசையில் நிற்பவர் அடுத்த வருடத்துக்குப் போவார். இங்கிலாந்தில் நான் முன்னே சொன்ன அந்தத் திட்டத்தையே 2025 மார்ச் 11 அன்று, முன்னறிவிப்பு இல்லாமல், பணம் முடிந்தது என்று புது விண்ணப்பங்களுக்கு மூடிவிட்டார்கள். அதனால் அறிவிப்பு வந்த பிறகு காகிதம் தேடக் கூடாது. பட்டா நகல், தேடல் முடிவு, உரிமம், அடையாள அட்டை, நிலவரி ரசீது, வங்கிக் கணக்கின் முதல் பக்கம், கடைசி ஒரு வருட எடைச் சீட்டுகள், இவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள், அக்டோபரில் பட்ஜெட் வாசித்த வாரமே துனாஸ் அதிகாரிக்கு ஒரு போன் போட்டு எப்போது திறக்கிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் அந்தக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள்.